ஆண்டைச் சொன்னால் ஹேவ் வராது

கேள்வி: '1998-ல் டெல்லி போயிருக்கிறேன்' என்பதை 'ஐ ஹேவ் கான் டு டெல்லி இன் 1998' என்று எழுதினேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் தப்பு என்று அடித்துவிட்டாள். எதில் தப்பு?
- வாசகி, தேனி

மகள் அடித்தது சரிதான், ஆனால் நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதும் நன்றாகப் புரிகிறது. தமிழில் 'போயிருக்கிறேன்' பக்கத்தில் 1998, நேற்று, போன வாரம் என எதை வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ப்ரசன்ட் பெர்ஃபெக்ட், அதாவது ஹேவ் அல்லது ஹேஸ் போட்டு எழுதுவது, முடிந்துபோன ஒரு காலத்தைக் குறிக்கும் சொல்லோடு சேராது. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ இயர்ஸ் அகோ, இன் 1998, இதில் எது வந்தாலும் சிம்பிள் பாஸ்ட்தான்: 'ஐ வென்ட் டு டெல்லி இன் 1998.' எப்போது என்று சொல்லாமல் அனுபவத்தை மட்டும் சொன்னால் 'ஐ ஹேவ் பீன் டு டெல்லி.' இங்கே கான் போடாதீர்கள், 'ஹி ஹேஸ் கான் டு டெல்லி' என்றால் ஆள் இன்னும் ஊர் திரும்பவில்லை என்று ஆகிவிடும். டுடே, திஸ் வீக் போன்றவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் காலம் என்பதால் அவற்றோடு ஹேவ் தாராளமாக வரலாம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நம்மிடம் உண்டு, வேலைக்கான விண்ணப்பங்களில் அடிக்கடி பார்க்கிறேன். '2015-லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015' என்று கை தானாக எழுதிவிடுகிறது. அங்கேதான் ஹேவ் கட்டாயம் வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015.' டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்கும் நேரத்தில் பாதியை இந்த இரண்டு இடங்களுக்குக் கொடுத்தாலே பிள்ளைகள் தெளிவாகிவிடுவார்கள், இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ஃபாஸ்ட் என்பது அட்ஜெக்டிவா, அட்வெர்பா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே!
- மாணவர், அரியலூர்

இரண்டும்தான். சொல்லைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் பதில் கிடைக்காது, வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். 'எ ஃபாஸ்ட் பஸ்', பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறது, அட்ஜெக்டிவ். 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்', ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறது, அட்வெர்ப். ஃபாஸ்ட்லி என்று எழுதாதீர்கள். ஹார்ட் என்பதும் இதே மாதிரிதான், ஆனால் அங்கே லி சேர்த்தால் அர்த்தமே கவிழ்ந்துவிடும்: 'ஷி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறாள், 'ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை.

கேள்வி: எதிர்காலம் என்றாலே வில் போட்டுவிடலாமா?
- வாசகர், காரைக்குடி

எல்லா இடத்திலும் முடியாது. நடப்பேன் என்பது போல எதிர்காலத்துக்கென்று தனி வினை வடிவம் ஆங்கிலத்தில் கிடையாது, அதனால் வில், கோயிங் டு, சில சமயம் வெறும் நிகழ்காலம் என்று பல வழிகளில் சமாளிக்கிறார்கள். நாளைக்குப் புறப்படும் ரயிலுக்குக்கூட 'தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ' என்பது சரியான வாக்கியம். அப்புறம், 'அவர் வரும்போது சொல்கிறேன்' என்பதற்கு 'வென் ஹி வில் கம்' என்று தொடங்காதீர்கள். 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்', வில் பின்பாதியில் மட்டும். 'மழை பெய்தால்' என்பது மாதிரி இஃப் போட்டு எழுதும்போதும் இதே கணக்குதான்.