யூனிட் 5 ரூபாய் என்று போட்டால் கணக்கு உதைக்கும்

நண்பரே, போன பில்லில் சராசரியாக யூனிட்டுக்கு 5 ரூபாய் வந்தது, அதையே பிட்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்ட (மைனிங்) ஓட்டும் ஆன்ட்மைனர் எஸ்19 மெஷினுக்கும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது.

95 டெராஹாஷ் (அது கணக்குப் போடும் வேகம்) மாடல் 3,250 வாட் இழுக்கும். 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 78 யூனிட், 60 நாளைக்கு 4,680. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில்; 1,000 யூனிட்டைத் தாண்டியதெல்லாம் 11 ரூபாய்க்கு மேல்தான். வீட்டுச் செலவு ஏற்கெனவே 400 யூனிட் என்றால், மெஷின் இழுப்பதில் பெரும்பகுதி அந்த உச்ச விலையில்தான் விழும். கூடுதல் பில் மட்டும் 50,000 ரூபாயைத் தாண்டும்.

அப்புறம் சூடு. இழுக்கிற கரண்ட் முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வரும், கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி இழுத்துத் தள்ளும் அளவு. ஏசி போட்டால் அந்த யூனிட்டும் இதே உச்ச விலையில் சேரும்.

வரி இன்னும் மோசம். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம். அதில் மைனிங் கரண்ட் செலவைக் கழிக்க விடமாட்டார்கள். பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால், முதலில் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்; 14 ஆம்பியர் ராப்பகலாக ஓடப்போகிறது.