பத்திரமான நாடு எது? – வாசகர் கேள்வி பதில்

வளைகுடாவில் கம்பெனி பி.ஆர்.ஓ.வாக, அதாவது ஆட்களின் அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவனாக இருந்தவன் நான். விசா, லேபர் கார்டு, கேன்சல் என்று டைப்பிங் சென்டர் வாசலிலேயே பாதி ஆயுள் போனது. அதனால் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களும் பெரும்பாலும் விசாவைச் சுற்றித்தான் இருக்கும். இந்த இதழுக்கு வந்தவற்றில் முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒன்றுதான்: எங்கே போனால் பயமில்லாமல் இருக்கலாம்?

உலகத்திலேயே பாதுகாப்பான நாடு எது? சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பேர் சொல்லுங்கள். – க.மு., விருத்தாசலம்

ஐஸ்லாந்து. பொருளாதார, அமைதி நிறுவனம் என்று சிட்னியில் ஒன்று இருக்கிறது. அது வருடா வருடம் 163 நாடுகளை அமைதியின்படி வரிசைப்படுத்துகிறது. 2008 முதல் முதலிடம் ஐஸ்லாந்துக்குத்தான்.

பேர் சொல்லிவிட்டேன், கிளம்புங்கள் பார்க்கலாம்! ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவருக்கு அங்கே வேலை அனுமதி குதிரைக்கொம்பு. அந்த அமைதியான நாட்டில்தான் 2023 நவம்பர் 10 இரவு, எரிமலை வெடிக்கும் அபாயத்தால் கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊரையே காலி செய்தார்கள். அந்தப் பட்டியல் போர், கொலை, சிறை, ஆயுதம் எல்லாவற்றையும் எண்ணுகிறது. முதலாளி இரண்டு மாதம் சம்பளம் தராவிட்டால் நீங்கள் எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதில் வராது. வெளிநாட்டில் நம் ஆட்களுக்கு வருகிற ஆபத்தில் பெரும்பங்கு அந்த ரகம்தான்.

என் கணவருக்கு 41 வயது, கட்டுமானத் துறையில் இன்ஜினீயர். சிங்கப்பூரில் மாதம் 6,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), துபாயில் 16,000 திர்ஹாமும் குடும்பத்துக்கு இன்சூரன்சும் என்று இரண்டு வேலை வந்திருக்கிறது. மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. பெண் குழந்தை இருப்பதால் சிங்கப்பூர்தான் பாதுகாப்பு என்கிறார்கள். குவைத் போரில் தப்பி வந்த மாமனார் வளைகுடாவே வேண்டாம் என்கிறார். ஆக்லாந்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்காரர், "விசிட் விசாவில் இங்கே வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? – ஒரு வாசகி, திருச்சி

சகோதரி, தெருவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊரும் ஒன்றுதான். ராத்திரி பதினொரு மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் எம்.ஆர்.டி.யிலும் வரலாம், துபாயில் மெட்ரோவிலும் வரலாம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் நான்கு பேரின் விசாவும் எதில் தொங்குகிறது என்று பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏஜென்ட் "எம்ப்ளாய்மென்ட் பாஸ்", அதாவது அதிகச் சம்பளக்காரர்களுக்கான வேலை அனுமதி என்று சொல்லியிருப்பார். அந்தப் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் வயதோடு ஏறும். 2025 ஜனவரி நிலவரப்படி இளம் வயதுக்காரருக்கு 5,600 வெள்ளியில் தொடங்கி, 45 வயதுக்கு மேல் 10,700 வரை போகிறது. 41 வயதுக்காரர் ஒன்பதாயிரத்துக்கு மேல் காட்டியாக வேண்டும். 6,200-க்குக் கிடைக்கக்கூடியது அதற்கு அடுத்த படியில் இருக்கிற எஸ் பாஸ்தான். எஸ் பாஸ் மட்டமில்லை. ஆனால் அதற்கு கம்பெனிவாரியாக ஒதுக்கீடு உண்டு. முதலாளி ஒவ்வோர் ஆளுக்கும் மாதா மாதம் அரசுக்கு லெவி என்ற கட்டணம் கட்ட வேண்டும். தொழில் மந்தமானால் முதலில் கழற்றிவிடப்படுவது அந்த ஆட்கள்.

அடுத்தது உங்கள் பாடு. மனைவி, பிள்ளைகளை டிபெண்டன்ட் பாஸில் அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கோட்டுக்கு இருநூறு வெள்ளி மேலே நிற்கிறார். அந்த 6,200-ல் அலவன்ஸ், ஓவர்டைம் எதையாவது சேர்த்திருந்தால் கதை வேறு, ஏனென்றால் கணக்கில் வருவது நிலையான சம்பளம் மட்டும். பாஸைப் புதுப்பிக்கும் நேரத்தில் அரசு அந்தக் கோட்டைக் கொஞ்சம் உயர்த்தினாலும் அவர் அங்கே, நீங்கள் மூவரும் திருச்சியில். ஐ.பி.ஏ. என்கிற முன் ஒப்புதல் கடிதத்தைக் கையில் வாங்கி, எந்தப் பாஸ், எவ்வளவு நிலையான சம்பளம் என்ற இரண்டு வரியை நீங்களே படியுங்கள். ஏஜென்ட் படித்துக் காட்டுவது போதாது.

வீட்டு வாடகை, சாதாரண அடுக்குமாடியில் சின்ன வீடே மூவாயிரம் வெள்ளியை நெருங்கும். எஸ் பாஸ்காரருக்கு முதலாளி மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்பது சட்டம், ஆனால் அது அவருக்கு மட்டும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அரசு ஆஸ்பத்திரியில்கூட மானியம் கிடையாது. அரசுப் பள்ளியில் சேர வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏ.இ.ஐ.எஸ். என்று ஒரு தேர்வு வைக்கிறார்கள், தேறினாலும் இடம் நிச்சயமில்லை. 13 வயதுப் பையனை அந்தச் சுழலில் இறக்குவதற்கு முன் யோசியுங்கள். பின்னால் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து, அதில் மகனையும் சேர்த்தால் இரண்டு வருட ராணுவச் சேவை அவனுக்குக் காத்திருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு இது பி.ஆர். கையில் வந்த பிறகுதான் தெரிகிறது. அந்த வயதுக்கே உரிய இன்னொன்று: வேப் என்கிற மின்சிகரெட் அங்கே தடை. பையில் வைத்திருந்தாலே குற்றம், திரும்பத் திரும்ப மாட்டுகிற வெளிநாட்டுக்காரரை நாடு கடத்துவார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போதைப்பொருள் கடத்தினால் தூக்குதான்.

இப்போது துபாய். 16,000 திர்ஹாம் குடும்பத்தை ஸ்பான்சர் செய்யத் தேவையான வரம்பைப் போல நாலு மடங்கு. வரம்பு 4,000தான், வீடு கொடுத்தால் 3,000. சிங்கப்பூரில் விளிம்பில் நிற்கிற குடும்பம் இங்கே நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏராளம் என்பதால், நாளைக்கே திரும்பி வர நேர்ந்தாலும் பையன் இங்கே அதே வகுப்பில் தொடரலாம். இதை நான் பெரிய பாதுகாப்பாக நினைக்கிறேன். வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை தருகிற இன்சூரன்ஸ் ஒன்று 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாக இருக்கிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும், தானாக ராஜினாமா செய்திருக்கக் கூடாது. "அடிப்படைச் சம்பளம்" என்பதைக் கவனியுங்கள். 16,000-ல் அடிப்படை வெறும் ஐயாயிரம் என்று போட்டு மீதியை அலவன்ஸ் ஆக்குகிற கம்பெனிகள் உண்டு. இந்த இன்சூரன்ஸ், கடைசியில் வருகிற கிராஜுவிட்டி, இரண்டுமே அடிப்படையை வைத்துத்தான் கணக்கு. பேரம் பேச வேண்டிய இடம் அதுதான்.

வேலை ஒப்பந்தத்தை அந்த ஊர்த் தொழிலாளர் அமைச்சகம் தமிழிலும் தருகிறது, கேட்டு வாங்கலாம். ஆள் எடுக்கிற செலவு முழுக்க முதலாளியுடையது, விசாவுக்கு என்று சம்பளத்தில் பிடித்தால் அது சட்டத்துக்கு விரோதம். பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வதும் அப்படியே. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு, மேனேஜர் நாற்காலிக்கு அடியில் வைத்திருப்பார்கள். ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று ஒருவர் வந்து நின்றால், முதலில் டின்னைத் திறக்க மேனேஜரைத் தேட வேண்டும். உங்கள் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

துபாயில் நம் ஆட்கள் சிக்குவது பெரும்பாலும் கடனில். போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதமே வங்கிக்காரன் கிரெடிட் கார்டோடு வந்து நிற்பான். கடன் நின்றுபோய் வழக்கானால் நாட்டை விட்டு வெளியேறத் தடை போட வாய்ப்பிருக்கிறது. வேலையும் இல்லாமல், ஊருக்கும் வர முடியாமல் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் பெட் ஸ்பேஸில், அதாவது கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்துக் கிடந்தவர்களுக்குச் சோறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டினால் அங்கே கிரிமினல் வழக்கு வரும். கேட்காமல் அடுத்தவரைப் படம் எடுத்தாலும் அப்படித்தான். பையனுக்கு இதைச் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும்.

மாமனார் பயம் வெறும் பயமில்லை. 1990 ஆகஸ்ட் 1 அன்று குவைத் பணக்கார, அமைதியான ஊர். மறுநாள் இராக் ராணுவம் உள்ளே. சுமார் 1,70,000 இந்தியர்கள் வெளியேறினார்கள், பெரும்பாலோர் பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் போய், அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில். குவைத் வங்கியில் சேமிப்பு வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். 2025 ஜூன் 23 இரவு கத்தாரில் இருக்கும் அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விட்டபோது, சில மணி நேரத்துக்கு வளைகுடாவில் பல நாடுகள் வான்வெளியை மூடின. ஆக, போர் வராது என்று நான் எழுதித்தர மாட்டேன். சம்பளம் வந்ததும் செலவுக்குப் போக மீதியை இந்திய வங்கியில் உள்ள என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் மூலப்பிரதிகள் திருச்சியிலேயே இருக்கட்டும். போனதும் இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

நியூசிலாந்து நல்ல நாடு. இரண்டு வருடமோ அதற்கு மேலோ வேலை விசா இருந்தால் அரசு மருத்துவம் கிடைக்கும். சுற்றுலாவுக்கு வந்தவர் தடுக்கி விழுந்து கால் ஒடிந்தாலும் ஏ.சி.சி. என்ற அரசு அமைப்பு சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரி, ஆனால் விசிட் விசாவில் போய் வேலை செய்யக் கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற முதலாளி வேலை கொடுத்தால்தான் வேலை விசா. வேலை தருவதற்குப் பணம் வாங்குவது அங்கே சட்டத்துக்கு விரோதம். நாத்தனார் வீட்டுக்காரரிடம் நன்றி சொல்லிவிட்டு, வேலை ஏதாவது எழுத்தில் வந்தால் பார்க்கலாம் என்று முடித்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு துபாய்க்கு. அடிப்படைச் சம்பளம் பாதிக்குக் கீழே இருந்தால் அந்த ஓட்டையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம், சாப்பாடும் இடமும் இலவசம். இன்டர்வியூ டெலிகிராமிலேயே முடிந்துவிட்டது. பாங்காக் டிக்கெட்டும் அனுப்பிவிட்டார்கள். தாய்லாந்து பாதுகாப்பான நாடுதானே? – பி.காம். பட்டதாரி, பெரம்பலூர்

தம்பி, போகாதே.

தாய்லாந்தில் நீ தங்கப்போவதில்லை. பாங்காக்கில் ஒரு வேன் காத்திருக்கும். ஏழெட்டு மணி நேரம் ஓட்டி மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒரு சின்ன ஆறு, அக்கரை மியான்மரின் மியாவாடி. தாண்டினால் சுற்றுச்சுவரும் துப்பாக்கிக் காவலும் உள்ள வளாகம். வேலை என்பது வெளிநாட்டுக்காரர்களிடம் காதல் பேசியும் கிரிப்டோ ஆசை காட்டியும் பணம் கறப்பது. குறைந்தால் அடி, கரன்ட் ஷாக். விட வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் கேட்பார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மே சோட்டிலிருந்து மீட்டு வந்தது அரசு. அதில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு.

தாய்லாந்தில் உண்மையிலேயே வேலை என்றால், அதற்கான விசாவைப் புறப்படும் முன்பே எடுக்கச் சொல்வார்கள், அப்புறம் வேலை அனுமதி. சுற்றுலாப் பயணியாக வந்து இறங்கு என்று எவன் சொன்னாலும் அவன் முதலாளி இல்லை. ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார். பதிவு பெற்றவர் உன்னிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். சந்தேகமிருந்தால் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் கேள். டிக்கெட் வீணாகிறதே என்று வருத்தப்படாதே, அது அவன் காசு.

மகள் நர்சிங் படித்தவள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறாள். நிலநடுக்கத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. – ஒரு தாய், நாகர்கோவில்

அம்மா, நடுக்கம் வரும், வராமல் இருக்காது. 2024 புத்தாண்டு அன்றே நோட்டோ பகுதியில் 7.6 அளவில் வந்தது. மகளிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: தங்கப்போகும் கட்டடம் எந்த வருடம் கட்டியது? 1981 ஜூனில் அங்கே நிலநடுக்கக் கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதற்குப் பின் வந்த கட்டடம் என்றால் பயம் பாதி குறையும். போலீஸுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. குடியிருப்பு அட்டை எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும்.

என் கவலை நிலநடுக்கம் அல்ல, விசா வகை. 2021 ஜனவரியில் இந்தியா ஒப்பந்தம் போட்ட "குறிப்பிட்ட திறன் தொழிலாளர்" விசா என்றால் நல்லது. அதே வேலைக்கு ஜப்பான்காரருக்குத் தருகிற சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும், நிர்வாகம் சரியில்லையென்றால் அதே துறையில் வேறு இடம் மாறலாம். "பயிற்சியாளர்" விசா என்றால் இடம் மாறுவது மிகக் கடினம். ஒப்பந்தத்தில் எது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

துபாயில் இருக்கும் மருமகளுக்கு மசாலா சாமான், மருந்து மாத்திரை கொடுத்துவிடலாமா? – ச.வ., காரைக்குடி

மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி தாராளமாக. குருமாவுக்கு என்று கசகசா மட்டும் ஒரு பொட்டலம்கூட வைக்காதீர்கள், அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. கசகசா அரைத்துச் சேர்த்த மசாலாவும் வேண்டாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அட்டையைப் பிரிக்காமல் டாக்டர் சீட்டோடு கொடுத்துவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் மாதிரி வலி மாத்திரை, தூக்க மாத்திரைக்கெல்லாம் அந்த நாட்டு அரசிடம் ஆன்லைனில் முன்அனுமதி வாங்க வேண்டும். மருந்து யாருக்கோ, அவர் பெயரில்தான் அந்த அனுமதியை வாங்க வேண்டும். எடுத்துப்போகிற பக்கத்து வீட்டுப் பையன் பெயரில் அனுமதி கிடைக்காது, மாட்டினால் மாட்டுவதும் அவன்தான். ஆகவே அந்த வகை மாத்திரைகளை மருமகள் அங்கேயே டாக்டரைப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும்.