ஓ.பி.யும் பாத்துட்டு ஆராய்ச்சியும் பண்றது எப்படி: கேட்டவங்களுக்கு என் பதில்கள்

மாவட்ட ஆஸ்பத்திரில நெஞ்சக நோய் பிரிவுல டாக்டரா ஓ.பி. (வெளிநோயாளிங்க) பாக்கறேன், கூடவே டிபி (காசநோய்) ஆராய்ச்சி. வந்த கேள்விகளுக்கு வரிசையா எழுதறேன்.

கே: தாலுகா ஆஸ்பத்திரில இருக்கேன் சார், ஓ.பி.யே மூச்சு முட்டுது. லேப் கிடையாது, ஃபண்ட் கிடையாது. நான் என்ன ஆராய்ச்சி பண்ண முடியும்?

தம்பி, அந்த ஓ.பி. தான் உங்க சொத்து. சத்தீஸ்கர்ல கனியாரினு ஒரு கிராமம், அங்க ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்ங்கற தொண்டு அமைப்போட டாக்டருங்க டிபி நோயாளிகளோட எடையும் உயரமும் ஒழுங்கா எழுதி வச்சாங்க. 1,695 பேரோட கணக்கு 2013ல பேப்பரா வந்துச்சு. ஆம்பளைங்கள்ல பாதி பேர் 42 கிலோ கூட இல்ல, பொம்பளைங்கள்ல பாதி பேர் 34 கிலோவுக்கு கீழ. வயசுக்கு வந்த பெரியவங்க 34 கிலோ! எடை குறைய குறைய சாவு கூடுதுனும் அதுல தெரிஞ்சுது. நம்ம டிபி கார்டுகள எடுத்து பாருங்க, எடை இருக்கும், உயரம் காலியா கிடக்கும். அதுலேருந்து ஆரம்பிங்க.

கே: பழைய கேஸ் ஷீட் தானே, எதிக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சில நோயாளிக்கு அநியாயம் நடக்காம பாக்கற குழு) எதுக்கு?

வேணும். ஷீட்ட தொடறதுக்கு முன்னாடியே வேணும். சம்மதம் வாங்கறதுலேருந்து கமிட்டி விலக்கு குடுக்கலாம், ஆனா அத முடிவு பண்றது அவங்க, நீங்க இல்ல.

கே: ஜார்க்கண்ட்ல டிபி குடும்பங்களுக்கு உணவு குடுத்து சோதிச்ச ரேஷன்ஸ் ட்ரையல்ல பாதி குடும்பங்களுக்கு சாப்பாடு குடுக்கவே இல்லையே. பசிக்கு சோறு நல்லதுனு நிரூபிக்க ஒரு ட்ரையலா? அநியாயம் இல்லையா?

கோவம் நியாயமானது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். குடும்பங்கள ரெண்டு குழுவா பிரிச்சாங்க, டிபி வந்த நோயாளிக்கு ரெண்டு குழுவுலயும் உணவு குடுத்தாங்க. வித்தியாசம் வீட்ல கூட இருக்கறவங்களுக்கு தான். ஏன் சோதிக்கணும்னா, 1956ல நம்ம சென்னைல ஆரம்பிச்ச ஆய்வுல சானடோரியத்துல (டிபி நோயாளிங்கள மாசக்கணக்கா தங்க வைக்கற ஆஸ்பத்திரி) நல்ல சாப்பாடு, ஓய்வோட இருந்தவங்களும், வீட்ல அரைவயிறா மாத்திரை சாப்பிட்டவங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணமானாங்க. அது பெரிய வெற்றி, உலகம் பூரா சானடோரியம் மூடினதுக்கு அது ஒரு முக்கிய காரணம், ஆனா அதோட சாப்பாட்டு பேச்சும் ஓரமா போயிடுச்சு. சோறு நோய் வராம தடுக்குமானு ட்ரையல் போட்டு யாரும் நம்பர் காட்டல. அனுராக் பார்கவா, கனியாரி பேப்பர் எழுதின அதே டாக்டர், மாதவி பார்கவாவோட சேர்ந்து இந்த ரேஷன்ஸ் ட்ரையல்ல காட்டினாரு: 10,345 பேர், வீட்டுக்காரங்களுக்கு டிபி வர்றது 39% குறைஞ்சுது. 2023ல லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல வந்துச்சு.

கே: (அதே நண்பர்) நம்பர் இல்லாம அரசாங்கம் சோறு போடாதா? அது நம்ம தோல்வி இல்லையா?

ஆமா, தோல்வி தான், ஒத்துக்கறேன். ஆனா ட்ரையல் நடத்தினவங்க மேல அத போடாதீங்க. 2018லேருந்து நோயாளிக்கு சாப்பாட்டுக்குனு அரசாங்கம் குடுத்தது மாசம் 500 ரூபா தான், 2024 நவம்பர்ல தான் 1,000 ஆச்சு, வீட்டுக்காரங்களுக்கும் உணவுப் பொட்டலம்னு சொன்னதும் அந்த நேரத்துல தான். உங்க ஊர்ல அந்த பொட்டலம் வீட்டுக்கு போய் சேருதானு விசாரிச்சு எழுதுங்க, அதுவே அருமையான ஆய்வு.

கே: என் பேஷன்ட்டயே ஆய்வுல சேக்கலாமா?

சேக்கலாம், ஆனா சம்மதம் நீங்க வாங்காதீங்க. நம்ம ஜனங்க "நீங்க சொன்னா சரி டாக்டரய்யா"னு படிக்காமலே கைநாட்டு வச்சிடுவாங்க, கண்ணு மருந்து கவுன்டர் மேல இருக்கும், இல்லனு சொன்னா மாத்திரை நின்னுடுமோனு பயம். பயிற்சி எடுத்த வேற ஆள் பேசணும், மாட்டேன்னாலும் மருந்து அதே தான்னு முதல் வரிலயே சொல்லணும், தாள வீட்டுக்கு குடுத்தனுப்பணும். எனக்கு இதுல விட்டுக்குடுக்கவே முடியாது.

கே: வெளிநாட்டு யுனிவர்சிட்டி காசு தர்றாங்க, சளி சாம்பிள் அனுப்ப சொல்றாங்க.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வழியா சுகாதார அமைச்சக ஸ்க்ரீனிங் கமிட்டி அனுமதி இல்லாம ஒரு ட்யூப் கூட நகரக்கூடாது. யார் முதல் ஆசிரியர், டேட்டா யார் கைல, எல்லாம் முன்னாடியே எழுத்துல. ட்ரையல்னா முதல் நோயாளிய சேக்கறதுக்கு முன்னாடி சி.டி.ஆர்.ஐ.ல (ட்ரையல்கள பதிவு பண்ற இந்திய பதிவேடு) பதிவு.

கே: ப்ரமோஷனுக்கு அவசரமா பேப்பர் வேணும், காசு கட்டினா ஒரு வாரத்துல போடற ஜர்னல் சொல்லுங்க.

சொல்ல மாட்டேன்.

கே: சாம்பிள் சைஸ் (ஆய்வுல எத்தன பேர சேக்கணும்) எவ்ளோ?

புள்ளியியல் ஆளுகிட்ட போங்க. டேட்டா எடுத்தப்புறம் இல்ல, இப்பவே.

கே: எங்க ஆஸ்பத்திரில எதிக்ஸ் கமிட்டியே இல்ல, அப்ப தேவையில்லல்ல?

மேல எழுதிட்டேன், படிங்க. பக்கத்து மெடிக்கல் காலேஜ் கமிட்டியோட ஒப்பந்தம் போட்டுக்கலாம்.

கே: வெறும் சர்வே தான் சார், எதிக்ஸ்...

வேணும்.