ஏன் என்று கேட்காதீர்கள், ஏட்டைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கால்நடைத் துறையிடம் தகவல் பெறுவது

கேள்வி (நாங்குநேரி வட்டாரம்): எங்கள் ஊரில் கோமாரி ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் நாலு மாடுகளுக்கு வாய்ப்புண், குளம்புப்புண் வந்துவிட்டது. "ஊசி ஏன் பலிக்கவில்லை, யார் பொறுப்பு?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். "கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்ய?

பதில்: அந்தப் பதிலில் பிழை சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைத் தரச் சொல்கிறது. இல்லாத விளக்கத்தை உட்கார்ந்து எழுதித் தரச் சொல்லவில்லை. "ஏன்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த "ஏன்"-ஐ எந்த ஏடு காட்டிக்கொடுக்கும் என்று யோசியுங்கள்.

கோமாரி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் சூடேறினால் வீரியம் போகும். எண்ணெய் கலந்த மருந்து உறைந்தாலும் பிரிந்து கெட்டுவிடும்; ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடந்த பாட்டிலும் நம்பத் தக்கதல்ல. மருந்து நன்றாக இருந்தாலும் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் கிருமி தொற்றியிருந்தால் ஊசியைக் குறை சொல்ல முடியாது. அதனால் தேதிதான் முதல் சாட்சி.

மனுவை இப்படி எழுதுங்கள்: "எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வந்த கோமாரி தடுப்பூசி இருப்புப் பதிவேட்டின் பக்கங்கள் (மருந்தின் தொகுதி (பேட்ச்) எண், காலாவதி நாள், வந்த டோஸ், செலவான டோஸ்), அதே நாட்களில் மருந்துக் குளிர்பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பேடு, எங்கள் ஊரில் ஊசி போட்ட நாள், மாடுகளின் எண்ணிக்கை, காதுத்தோடு எண்கள், நோய் கண்டபின் மாதிரி எடுத்திருந்தால் எடுத்த நாள், அனுப்பிய ஆய்வகம், முடிவு அறிக்கை. இவற்றின் சான்றிட்ட நகல்கள் தேவை." காதில் மாட்டியிருக்கிற மஞ்சள் தோட்டின் 12 இலக்க எண்ணை உங்கள் மாட்டுக்கு நீங்களே பார்த்து எழுதிவிட்டால், "எந்த மாடு என்று தெரியவில்லை" என்று தட்டிக்கழிக்க இடமிருக்காது. மற்றவர் பெயர் வரும் இடங்களை மறைத்து மீதியைத் தரும்படி 10-ஆம் பிரிவைச் சுட்டி ஒரு வரி சேருங்கள்.

மூன்று மாத ஏடு கேளுங்கள், பத்து வருஷ ஏடு வேண்டாம். கேட்கும் காலம் நீண்டால் அலுவலக வேலை கெடுகிறது என்று சொல்லி வேறு வடிவில் தர அந்தச் சட்டத்தின் 7(9)-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. "அப்படி ஒரு குறிப்பேடு பராமரிக்கப்படவில்லை" என்று கையெழுத்தோடு பதில் வந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளிர்பெட்டிக்கு வெப்பநிலைக் கணக்கே இல்லை என்பதை அவர்களே எழுதித் தந்த தாள் அது.

கேள்வி (சேரன்மகாதேவி): மனுவை யாருக்கு அனுப்புவது? கட்டணம் எப்படிக் கட்டுவது?

பதில்: பொதுத் தகவல் அலுவலர், மண்டல இணை இயக்குநர் அலுவலகம், கால்நடை பராமரிப்புத் துறை, திருநெல்வேலி என்று எழுதினால் போதும். ஏடு வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3)-ன்படி 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அங்குள்ள அலுவலகத்துக்கே எழுதுங்கள், நாள் மிச்சமாகும்.

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) மனுவில் ஒட்டலாம். இது மாநில அரசுக்கு மட்டும். மத்திய கால்நடைத் துறைக்கோ, சென்னையில் இருக்கும் மத்திய கால்நடைத் தடுப்புக்காப்பு (குவாரன்டைன்) நிலையத்துக்கோ போனால் வில்லை செல்லாது. போஸ்டல் ஆர்டர் வையுங்கள், அல்லது மத்திய அரசின் இணையதளத்தில் கட்டுங்கள். அந்தத் தளத்தில் மாநில அலுவலகத்துக்குப் போட்டுவிட்டால் மனு திரும்பிவிடும், 10 ரூபாய் திரும்பாது. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்த விவரத்தை அன்றே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பதில் தர வேண்டிய 30 நாள் கணக்கு, மனு அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடும்.

சங்கத்தின் பெயரில் மனு போடாதீர்கள். குடிமகனுக்குத்தான் உரிமை என்று திருப்பி அனுப்புவார்கள். தலைவரோ செயலாளரோ தன் பெயரில் கையெழுத்திடட்டும்.

கேள்வி (முக்கூடல்): செத்த வெள்ளாட்டின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டால் ரகசியம் என்கிறார்கள். மனு போட்டால் அடுத்த தடவை டாக்டர் வரமாட்டார் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: உங்கள் ஆட்டின் அறிக்கையை உங்களிடமே ரகசியம் என்பது நிற்காது. முதலில் வெள்ளைத் தாளில் ஒரு கோரிக்கை கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பல இடங்களில் அதோடு வேலை முடிந்துவிடும். நீங்கள் காப்பீடு செய்திருந்தால் அந்தக் காரணத்தையே எழுதுங்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் தகவல் மனு.

பயம் நியாயமானது, ஒரு ஊருக்கு ஒரே மருந்தகம். ஆனால் மனு போடுபவர் ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. பொதுவான ஏடு கேட்கும்போது பாளையங்கோட்டையில் இருக்கும் உங்கள் மருமகனே கையெழுத்திடலாம். சொந்த ஆட்டின் அறிக்கைக்கு மட்டும் நீங்கள் கேட்பதே நல்லது. மனுவில் மருத்துவர் பெயரையோ ஏச்சையோ எழுதாதீர்கள்.

கேள்வி (மானூர்): 30 நாள் முடிந்தும் பதில் இல்லை.

பதில்: 31-ஆம் நாளிலிருந்து 30 நாளுக்குள், அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. இதற்குக் கட்டணம் கிடையாது. மனு நகல், அஞ்சல் அத்தாட்சி, "பதில் வரவில்லை, 7(6)-ன்படி கட்டணமின்றித் தருக" என்ற ஒரு வரி போதும். 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளில், அவர் முடிவு சொல்ல வேண்டும். பிறகு 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம். அங்கே தவறு நிரூபணமானால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மிஞ்சிப்போனால் 25,000 வரை தண்டம். பலர் முதல் மேல்முறையீட்டைத் தாண்டி நேராக ஆணையத்துக்கு எழுதி, அங்கிருந்து திரும்பி வருகிறார்கள். அதற்குள் இந்த 30 நாளும் கழிந்துவிடுகிறது. காலண்டரில் 31-ஆம் நாளைச் சுழித்து வைத்துக்கொள்ளுங்கள்.