ஓசிதானே, நமக்கென்ன நஷ்டம்?

கேள்வி: கூகுளில் தேட நாம் காலணா கொடுப்பதில்லை. பிடிக்காவிட்டால் வேறு தேடுபொறிக்கு மாறிக்கொள்ளலாம். அப்படியிருக்க, ஏகபோகம், நுகர்வோருக்குக் கேடு என்று வழக்குப் போடுவது வெறும் வயிற்றெரிச்சல்தானே?

பதில்: வயிற்றெரிச்சல்காரர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் காசு வாங்கவில்லை என்ற ஒன்றுக்காகவே விட்டுவிடச் சொல்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரும் ஓசிதான். விண்டோஸோடு சேர்த்தே கொடுத்து, போட்டி பிரவுசரான நெட்ஸ்கேப்பை ஒழித்துக்கட்டினார்கள். 2001-ல் அதன் ஆறாம் பதிப்பு வந்தது, பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள், இனி யாருக்காக மெனக்கெட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் காலை நீட்டிப் படுத்துவிட்டது. பத்துப் பக்கம் திறந்தால் பத்து ஜன்னல், ஓபரா பிரவுசரில் எப்போதோ வந்துவிட்ட டேப் வசதிகூட இதில் கிடையாது. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் வந்து ஆளை இழுக்க ஆரம்பித்ததும்தான் முழிப்பு வந்தது. அடுத்த மூன்றே மாதத்தில் பில் கேட்ஸ், ஏழாம் பதிப்பு வரும் என்று அறிவித்தார். வந்து சேர 2006 அக்டோபர் ஆனது. அந்த ஐந்து வருஷ நஷ்டத்தை எந்த பில்லில் தேடுவீர்கள்?

சரி, கூகுளுக்கு வருவோம். அதன் தேடல் தரமானது என்பதை, ஏகபோக வழக்கில் கூகுளுக்கு எதிராக 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த அமெரிக்க நீதிபதி அமித் மேத்தாவே ஒப்புக்கொள்கிறார். ஆனால் போன்களிலும் பிரவுசர்களிலும் தானே டீஃபால்ட்டாக, அதாவது நாம் எதையும் மாற்றாமலே வரும் தேடுபொறியாக இருப்பதற்காக 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது அந்தக் கம்பெனி. மாறிக்கொள்ளலாம் என்கிறீர்கள், செட்டிங்ஸைத் தோண்டி மாற்றுகிற ஆள் அபூர்வம் என்று தெரியாமலா இவ்வளவு கொட்டுகிறார்கள்? ஆப்பிளுக்கு மட்டும் 2022-ல் போனது சுமார் 2,000 கோடி டாலர். சும்மா இருந்தாலே இவ்வளவு வருகிறதென்றால், சொந்தத் தேடுபொறி கட்டும் தலைவலி அவர்களுக்கு எதற்கு?

போட்டியைப் பற்றிய கவலையே இல்லாமல், தேடல் முடிவுகளோடு வரும் எழுத்து விளம்பரங்களுக்குக் கூகுளால் விலையேற்ற முடிந்தது என்றும் தீர்ப்பு சொல்கிறது. விளம்பரம் கொடுக்கிறவர் அதைத் தன் சட்டைப் பையிலிருந்தா போடுவார்? பொருளின் விலையில் நம் தலையில்தான் கட்டுவார்.

இன்னொன்று, எனக்கு ரொம்பவே உறைத்தது. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தாலும் வருமானம் குறையாது என்று 2020-ல் கூகுளே நடத்திய ஆய்வில் தெரிந்ததாம். குறைத்தார்கள் என்று சொல்லவில்லை. குறைத்தாலும் நாம் எங்கும் போகமாட்டோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2025 செப்டம்பரில் பரிகாரம் சொன்ன அதே நீதிபதி, கூகுளின் பிரவுசரான குரோமை விற்கச் சொல்லவில்லை. போட்டியாளரை உள்ளே விடாத பிரத்யேக ஒப்பந்தம் கூடாது, தேடல் தரவில் கொஞ்சத்தைப் போட்டியாளர்களுக்குக் கொடு என்றார். டீஃபால்ட் இடத்துக்குப் பணம் கொடுப்பதை அடியோடு தடுக்கவும் இல்லை. ஆகவே கூகுளுக்காக நீங்கள் ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.