ஓப்பன் எஜுகேஷனல் ரிசோர்சஸ்னா என்ன, காலேஜ்ல பாடம் நடத்த அது எப்படி உதவும்?

யார் வேணா எடுத்துக்கலாம், காப்பி எடுக்கலாம், மாத்தலாம், மத்தவங்களுக்கும் குடுக்கலாம்னு எழுதினவங்களே முன்கூட்டி அனுமதி குடுத்து வச்ச பாடம்தான் இது, புக்கோ வீடியோவோ கேள்வித்தாளோ எதுவா இருந்தாலும் சரி. 2002ல யுனெஸ்கோ கூட்டத்துல வச்ச பேரு.

அனுமதி எதுக்குன்னா, ஒருத்தர் எழுதின உடனே காப்பிரைட் தானா வந்துடும், சும்மா நெட்ல போட்டிருந்தாலும். அதனாலதான் கிரியேட்டிவ் காமன்ஸ் மாதிரி, என்னென்ன செய்யலாம்னு சொல்ற ரெடிமேட் அனுமதி லைசென்ஸ் போட்டு விடுறாங்க.

பக்கத்து வீட்டு அக்கா கோல நோட்ட குடுத்து "புள்ளிய கூட்டியோ குறைச்சோ போட்டுக்கோ, என் பேர மட்டும் சொல்லிடு"ன்னா எப்படி, அதே கதைதான்.

காலேஜ்னு வந்தா, அமெரிக்காவுல ரைஸ் யூனிவர்சிட்டியோட ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012ல இருந்து ஃபிசிக்ஸ், பயாலஜி புக்கெல்லாம் ஃப்ரீயா பிடிஎஃப்ல தருது. முழு புக்கையும் அப்படியே தூக்கி வைக்கணும்னு இல்ல, வேண்டிய ரெண்டு சேப்டர எடுத்து, அதுல வர்ற மைலையும் டாலரையும் கிலோமீட்டர், ரூபாய்னு மாத்தி, உங்க சிலபஸ் வரிசைல அடுக்கிக்கலாம், என்னைக் கேட்டா விலை மிச்சமாகுறத விட இந்த மாத்துற உரிமைதான் வாத்தியாருக்கு பெரிய லாபம். புக்குக்கு புக்கு லைசென்ஸ் மாறும், அத மட்டும் பாத்துக்கோங்க. நம்ம பக்கம் ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துற என்பிடெல்ங்கிற ஆன்லைன் திட்டத்தோட வீடியோ லெக்சர்ஸ் இருக்கு.

நிறைய பேர் ஃப்ரீயா பாக்க முடிஞ்சாலே அது ஓப்பன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, லைசென்ஸ் எதுவும் போடலன்னா பாக்க மட்டும்தான் ஃப்ரீ, மாத்தி உங்க நோட்ஸ்ல சேர்க்கணும்னா எழுதினவர்ட்ட கேட்டே ஆகணும்.