தொட்டி மீனும் புட்டி மீனும்

கேள்வி: நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து மீன் வளர்த்து வருகிறேன். இப்போது வீட்டில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. மீன் ஆராய்ச்சியாளர் ஆக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற மாதம் ஓர் ஆய்வு மாணவருக்கு உதவியாகப் பழையாற்றுக்குச் சென்றிருந்தேன். வலையில் விழுந்த நாற்பது மீன்களை அவர் உயிரோடு, உடலைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் புட்டியில் போட்டார். அன்றிரவு என் தொட்டிகளுக்குத் தீனி போடக்கூடக் கை வரவில்லை. மீன்மேல் பிரியம் உள்ளவள் மீன் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லாதவளா? அப்பாவோ, "மீன் தொட்டி சோறு போடுமா?" என்று கேட்கிறார்.

பின்குறிப்பு: என்னிடம் உள்ள பள்ளத்தி ஜோடி இரண்டு முறை முட்டையிட்டு, இரண்டு முறையும் தானே தின்றுவிட்டது. ஏன்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் பார்த்தது தவறான முறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள மீனை நேரடியாக ஃபார்மலினில் போடுவது ஒரு காலத்தில் எங்கும் நடந்ததுதான். மாணவனாக இருந்தபோது நானும் போட்டிருக்கிறேன், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இன்று அதற்கு எந்த நியாயமும் கிடையாது. கிராம்பு எண்ணெயைச் சிறிது சாராயத்தில் கலக்கி, பிறகு தண்ணீரில் விட்டு (எண்ணெய் நேராகத் தண்ணீரில் கலக்காது), அதில் மீனை விட்டால் முதலில் அது மயங்கும். செவுள் அசைவு நின்று பத்து நிமிடமாவது கழிந்த பிறகுதான் ஃபார்மலினுக்குப் போக வேண்டும். பல் மருத்துவர் கடையில் மணக்கும் அதே எண்ணெய்தான், ஒரு சின்னக் குப்பி ஒரு களப்பயணத்துக்குப் போதும். ஆக, உங்கள் மனம் சங்கடப்பட்டதை மென்மை என்ற குறையாக நீங்கள் எண்ண வேண்டியதில்லை. அங்கே பிழை இருந்தது. அதை உங்கள் கண் பிடித்துவிட்டது.

2014இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி வகுப்புகளில் விலங்குகளை அறுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொன்ன பிறகு, உங்கள் தலைமுறை மாணவர்களில் பலர் முதல் மீன் சாவதைக் களத்தில்தான் பார்க்கிறார்கள். எங்களுக்கு ஆய்வக மேசையில் மெதுவாகப் பழகியது, உங்களுக்கு ஆற்றங்கரையில் ஒரே நாளில் வந்து விழுகிறது. அறுவை வகுப்பு திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் முறையைத் திருத்திவிட்டால் கேள்வி தீர்ந்துவிடாது. எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும், மீன் உயிரியலில் மீன் சாகும். வயிற்றைத் திறக்காமல் அது என்ன தின்றது என்று முழுதாகத் தெரியாது, சினைப்பையை எடுத்துப் பார்க்காமல் எந்த மாதத்தில் சினைபிடிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வயதைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டுமானால் பெரும்பாலும் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுக்க வேண்டும். கத்தாழை மீன் குழம்பு வைக்கும் வீடுகளில் தலையைக் கடிக்கும்போது பல்லில் படும் வெள்ளைக் கல் அதுதான். அதை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், இளம் மீனாக இருந்தால், நாளொன்றுக்கு ஒரு வளையம் வீதம் படிந்திருப்பதை எண்ணலாம். அறுபத்து மூன்று வளையங்களை எண்ணி முடித்து, அந்தக் குஞ்சு எந்த வாரத்தில் பொரிந்தது என்று நாள்காட்டியில் பின்னோக்கிச் சென்று விரல் வைத்த முதல் பிற்பகலை நான் இன்றும் மறக்கவில்லை. அந்த மகிழ்ச்சியும் அந்த மீனின் சாவும் ஒரே செயலின் இரு பக்கம். இதை ஏற்க முடியுமா என்பதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். நான் சொல்லி ஆவதில்லை.

எத்தனை மீன் வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேட்கும் உரிமை உதவிக்குப் போனவருக்கும் உண்டு. நாற்பது தேவைப்பட்டதா, பத்து போதுமா? மரபணுவுக்கு மட்டும் என்றால் துடுப்பின் ஓரத்தில் ஒரு நறுக்கு எடுத்து, அதை எத்தனாலில் போட்டுக்கொண்டு, மீனை ஆற்றிலேயே விட்டுவிடலாம். கொன்றுதான் ஆக வேண்டும் என்றால், கொன்ற மீனை வீணாக்கக் கூடாது. ஆய்வகங்களில் நான் கண்ட பெரிய பாவம் கொலையைவிட, சீட்டு இல்லாத புட்டி. எந்த ஆறு, எந்த இடம், எந்தத் தேதி, யார் பிடித்தார் என்று பென்சிலால் எழுதி, சீட்டைப் புட்டியின் உள்ளேயே போட வேண்டும். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். மூடியில் ஒட்டிய காகிதம் உரிந்துவிடும், மூடிகள் இடம் மாறிவிடும். அந்த நாற்பது மீன்களோடு புட்டிக்குள் சீட்டு போட்டார்களா என்று அந்த ஆய்வு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். போட்டிருந்தால் ஐம்பது ஆண்டு கழித்தும், பழையாறு எப்படி ஆகியிருந்தாலும், 'இந்த மீன் இங்கே இருந்தது' என்பதற்கு அந்தப் புட்டி சான்றாக நிற்கும்.

மீன்மேல் பிரியம் உள்ளவர் லாயக்கில்லாதவரா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. வரிக்குதிரை மீன் என்று கடைகளில் விற்கிறார்களே, அந்தச் சிறு மீனுக்கு 1822இல் அறிவியல் பெயர் சூட்டியவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன். அது நம் வட இந்திய ஓடைகளின் மீன். நெடுங்காலம் அது பெரும்பாலும் தொட்டி மீனாகவே அறியப்பட்டிருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற மரபியலாளர், வீட்டில் மீன் வளர்க்கும் பழக்கம் உடையவர், முதுகெலும்புள்ள உயிர் ஒன்றின் மரபணுக்களை ஆராய எது தோதானது என்று தேடியபோது, கைக்குப் பழகிய இந்த மீனைத் தேர்ந்தார். முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது, ஒரே நாளில் உடலின் அமைப்பு உருவாகிவிடுகிறது, இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடுகிறது: மீன் வளர்ப்பவர் கண்ணுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்த செய்தி. 1981இல் வந்த அவருடைய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு அந்த மீன் உலகம் முழுவதும் ஆய்வகங்களுக்குள் போய்விட்டது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கனும் அப்படித்தான். அவருடைய லெய்டன் ஆய்வகத்தில் சன்னலோரம் வைத்திருந்த தொட்டிகளில் இருந்த ஆண் மீன்கள், தெருவில் சிவப்பு அஞ்சல் வண்டி போனபோது அதைப் பகைவனாக எண்ணிச் சீறின. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் அது கண்ணில் படும்.

பிரியம் மீனுக்குக் கேடு செய்ததும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கேரளத்து ஓடைகளில் வாழும், சிவப்புக் கோடு போட்ட 'மிஸ் கேரளா' மீனுக்கு 1865இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரை வைத்தவர் ஃபிரான்சிஸ் டே என்ற படை மருத்துவர். தொட்டிக்கு அழகாக இருக்கிறது என்று ஓடைகளில் அளவின்றிப் பிடித்து ஏற்றுமதி செய்ததால் அது இன்று அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று வாங்கிய 'டேங்க் கிளீனர்' ஒரு முழம் வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களும் மீன் பிரியர்களே; இப்போது மீனவர்கள் அந்த முள் மீனை வலையிலிருந்து பிய்த்தெடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். நீங்களும் காட்டோடைகளில் மீன் பிடிக்க நினைத்தால், வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

இனி உங்கள் அப்பாவின் கேள்வி. அவர் கேட்டது நியாயம். மீன் தொட்டி சிலருக்குச் சோறு போடத்தான் செய்கிறது. சென்னைக் கொளத்தூர்ப் பக்கம் பட்டம் எதுவும் இல்லாமல், வாதுமை இலைச் சருகை ஊறவைத்த தண்ணீரில் ஃபைட்டர் மீன்களைப் பெருக்கிக் குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைத்திறனுக்கு முன்னால் என் முனைவர் பட்டம் கொஞ்சம் கூச்சப்படும். ஆனால் நீங்கள் கேட்பது வேறு பாதை. அதில் ஒரு விவரத்தை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: எம்.எஃப்.எஸ்சி. எனப்படும் மீன்வள முதுநிலைப் படிப்புக்குப் பொதுவாக நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. கேட்பார்கள், பி.எஸ்சி. விலங்கியல் அந்தக் கதவைத் திறக்காது. தூத்துக்குடியில் 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது என்றாலும், அங்கே மறுபடி முதலாண்டில் சேர்வதா என்பதை யோசிக்க வேண்டியிருக்கும். எம்.எஸ்சி. விலங்கியல், அல்லது பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்தும் கடல் உயிரியல் போன்றவை உங்களுக்கு நேர்வழி. பிறகு நெட் தேர்வு எழுதி உதவித்தொகையோடு முனைவர் பட்டம் என்று போகலாம். சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், அறிவிப்பை நீங்களே வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். என் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் காசிமேட்டில் கழிந்தன. விடியற்காலை நான்கு மணிக்கு, படகு வந்ததும், ஏலம் முடிவதற்குள், கூடையில் கிடக்கும் மீன்களை அளவுப் பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். "இன்னாபா, மீனு வாங்க வந்தியா, அளக்க வந்தியா?" என்று ஓர் அம்மா தினமும் கேட்பார், மூன்றாவது வாரத்தில் அவரே கூடையைத் தள்ளி இடம் விட்டார். மீதி நேரம் கணினியில் எண்களைத் தட்டுவதும், அனுமதிக் கடிதம் எழுதுவதும், அறிக்கைக்குக் கெடு கேட்பதும்தான். உயிருள்ள மீனை நின்று பார்த்த நேரம் அலுவலகத்தைவிட என் வீட்டில்தான் அதிகம். அதனால்தான் தொட்டியை விடாதீர்கள் என்கிறேன்.

படித்துவிட்டால் தொட்டி நன்றாக ஓடும் என்றும் நம்ப வேண்டாம். நீரில் அம்மோனியா எவ்வளவு என்று அளப்பதையே தொழிலாக வைத்திருந்த நான், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, அழுக்காகத் தெரிந்த வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று அலசி மாட்டினேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பஞ்சில் குடியிருந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்ற ஆளில்லை. என் வீட்டுத் தண்ணீர் காரத்தன்மை உடையது. காரத்தன்மையைக் காட்டும் pH அளவு ஓர் அலகு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு ஆகும் என்பதை நான் வகுப்பில் பலமுறை சொன்னவன். மூன்று நாளில் பதினொரு மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து திணறிச் செத்தன. "இதற்கா இவ்வளவு படித்தீர்கள்?" என்று என் மனைவி கேட்டார். இப்போது தொட்டியிலிருந்தே ஒரு வாளி தண்ணீர் எடுத்து, அதில்தான் பஞ்சைப் பிழிகிறேன்.

உங்கள் அடுத்த விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். அதே ஆய்வு மாணவருடன் மீண்டும் ஒருமுறை போங்கள். கிராம்பு எண்ணெய்க் குப்பியை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். ஒரு மீனையாவது உங்கள் கையால் மயக்கி, அளந்து, சீட்டு எழுதிப் புட்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்து உட்காரும்போது மனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டாம் முறையும் தீனி போடக் கை வரவில்லை என்றால், நடத்தை ஆய்வு, இனப்பெருக்கப் பண்ணை, அருங்காட்சியகம், நீருக்குள் எண்ணிக் கணக்கெடுக்கும் பணி என்று கொலை குறைந்த வழிகள் இதே துறைக்குள் இருக்கின்றன. துறையை விட்டே ஓட வேண்டியதில்லை.

பின்குறிப்புக்கு வருகிறேன். இளம் ஜோடிகள் முதல் சில ஈடுகளைத் தின்பது சாதாரணம். பள்ளத்திகள் இரண்டும் சேர்ந்து குஞ்சு வளர்ப்பவை. பக்கத்தில் வேறு மீன்கள் நடமாடினாலோ, நீங்கள் அடிக்கடி கண்ணாடி அருகே குனிந்தாலோ பதறித் தின்றுவிடும். மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், ஒரு தட்டையான கல்லைச் சாய்த்து வையுங்கள், முன்பக்கக் கண்ணாடியில் பாதிக்குச் செய்தித்தாள் ஒட்டுங்கள். உப்பங்கழி மீன் என்பதால் தண்ணீரில் சிறிது கல்லுப்பு இருப்பது நல்லது. பொரிந்த குஞ்சுகளைப் பெற்றோர் மணலில் தோண்டிய குழிகளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும்; அவை நீந்தத் தொடங்கியதும், தாய் தகப்பன் உடலில் ஊறும் சளியைக் கொத்தித் தின்பதைக் காண்பீர்கள். முட்டையிட்ட தேதி, பொரிந்த தேதி, முதன்முதலில் கொத்திய தேதி, அப்போதைய நீரின் வெப்பம் நான்கையும் பென்சிலால் ஒரு நோட்டில் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். மூன்றாவது ஈட்டையும் தின்றுவிட்டால், அந்தத் தேதியையும் எழுதுங்கள்.